ஆராய்ச்சிக்கூடத்தில் சேர விழையும் மாணவருக்கு

ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் 1977-ஆம் ஆண்டில், அந்நகரின் வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கப்பெற்றது. உப்பல் சாலையிலுள்ள அதன் சொந்த வளாகம் 1987-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உயிரியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற தமிழக மாணவர் பலர் இங்கு ஆய்வு மாணவராகச் சேர விழைகின்றனர்.

அவர்கள் முதலில் நாடுவது தேசியத் தகுதித் தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இது மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயாக உயரும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. தமிழ்வழியில் பயின்றவருக்கு இது சிறு தடையன்று.

எனினும், உதவித்தொகை பெற்றதாலேயே ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதாகக் கருதுவது பிழை. நேர்முகத் தேர்வு தனியே உண்டு. அங்கு மனப்பாடம் உதவாது. முதுநிலை வகுப்பில் தாம் செய்த சிறு ஆய்வைப் பற்றி, “இதை ஏன் செய்தீர்? ஒப்பீட்டுச் சோதனை எது? விடை மாறாக வந்திருந்தால் என்ன முடிவு செய்திருப்பீர்?” என்று வினவினால் விடையிறுக்க இயலவேண்டும். தெரியாததைத் தெரியாது என்பது குறையாகாது. ஊகத்தை உண்மைபோல் உரைப்பதே குறை.

ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கையில், புகழைவிட அங்கு ஆராயப்படும் வினாவையே நோக்குதல் நலம். லால்ஜி சிங் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது பாம்புகளின் குரோமோசோம்களை. அதன் பயன் யாது என்று அன்று எவரும் கேட்டிருக்கக்கூடும். கட்டுவிரியன் இனப் பாம்பின் டி.என்.ஏ.வில் கண்ட ஒரு தொடரே, 1988-இல் இந்த ஐதராபாத் மையத்தில், மனிதரை இனங்காணும் மரபணு ரேகை முறைக்கு அடிப்படையாயிற்று.

ஆகவே விண்ணப்பத்திற்கு முன், அறிவியலாளர் ஒருவரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும். அவருக்கு எழுதும் மடல் ஒரு பக்கத்திற்கு மிகாமல், எந்த வினா தம்மை ஈர்த்தது என்பதைக் கூறட்டும். ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண்.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சேர்ப்பேன். ஐந்தாண்டுகள் வேறு பணியில் ஈட்டக்கூடிய வருவாயும் இவ்வாய்வின் செலவேயாகும். குடும்பப் பொறுப்புள்ள மாணவர் இதைக் கணக்கிடத் தயங்கலாகாது. அக்கூடத்தில் முன்பு பயின்றோர் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றனர், பின்னர் எங்குச் சென்றனர் என்பதை அங்குள்ள மாணவரிடமே, சேருமுன் கேட்டறியலாம்.