இரட்டைக் கர்ப்பம்: நர்சம்மாவுக்கு ஒரு வழிகாட்டி

மல்லாங்கிணறு பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? கருவின் இதயத்தை அளப்பது ஸ்கேன் டாக்டரின் வேலை. அந்த அளவு குழந்தைக்குப் பயன்படுவது பெரும்பாலும் உங்கள் கையில்.

இரட்டை என்றதும் ரிப்போர்ட்டில் முதலில் தேடுங்கள்: நஞ்சு ஒன்றா, இரண்டா? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில்தான் அது தெளிவாகத் தெரியும். ஒரே நஞ்சு என்றால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். காரணம், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயலாம். கொடுக்கிற குழந்தை வாடும், வாங்குகிற குழந்தையின் இதயம் சுமை தாங்காமல் வீங்கும்.

"ரெண்டுக்கும் துடிப்பு இருக்குன்னுட்டாங்க நர்சம்மா, மறுபடி எதுக்கு ஸ்கேன்? ஒருநாள் கூலி போயிரும்" என்பார் பட்டாசு வேலைக்குப் போகிறவர். நியாயமான கேள்வி. "துடிக்குது சரி தாயி, திணறாமத் துடிக்குதான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆலை விடுமுறை நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிக் கொடுங்கள். அறிவுரையைவிட அதுதான் பலிக்கும்.

ரிப்போர்ட்டில் 'டெய் இண்டெக்ஸ்' என்று இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் சூவா டெய் 1995இல் பெரியவர்களுக்காக வகுத்த கணக்கு, பிறகு கருவுக்கும் வந்தது. வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நேரத்தை, ரத்தம் வெளியேறும் நேரத்தால் வகுத்த எண் அது. ஏறினால் இதயம் சிரமப்படுகிறது. இன்னொன்று 10 மதிப்பெண் கணக்கு: நீர்க்கோர்வை, இதய அளவு, இயக்கம், சிரை ஓட்டம், தமனி ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 2.

ஓர் எண்ணை வைத்துப் பிழைக்கும், பிழைக்காது என்று தாயிடம் சொல்லிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு வாரமும் எடையும் அதைவிடப் பெரிது. முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் போக்கு புரியும். ஆகவே எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக அடுக்கி, ஏ குழந்தை எது, பி குழந்தை எது என்பது மாறாமல் கூடவே அனுப்புங்கள்.

24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால் டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பயிற்சி பெற்ற செவிலியர் முதல் ஊசியைப் போட்டே அனுப்ப மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல் இடம் தருகிறது. 108ஐ அழைத்த கையோடு, விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை ராஜாஜியோ, போகிற இடத்துக்குப் போன் போட்டு வாரம், நஞ்சு, ஊசி போட்ட நேரம் மூன்றையும் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரண்டு வார்மர் வேண்டும் என்பதையும்.