பாதியில் நிற்கும் தரவிறக்கம்

கடைசி வரம்புக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால், மேலும் மேலும் மண்ணெண்ணெய் ஊற்றி இயந்திரத்தை ஓடவிடமாட்டோம். வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று பார்ப்போம். பிள்ளையின் பாடக் காணொளி போன்ற பெரிய கோப்பு பாதியில் நின்றாலும் அப்படியே செய்தல் வேண்டும். திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் டேட்டாவுக்குக் கட்டிய பணம் வீணாகும்.

1. இடம் உண்டா? கோப்பின் அளவையும் கைத்தொலைபேசியில் மீதியுள்ள இடத்தையும் ஒப்பிடுங்கள்.

2. 4 ஜிபி அளவில் நிற்கிறதா? 32 ஜிபி வரையான மெமரி கார்டுகள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் அமைந்தவை. அம்முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை, இடம் மீதி இருந்தாலும் ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றலாம். மாற்றினால் கார்டில் உள்ளவை அழியும். ஆகையால் முதலில் பிரதி எடுத்துவையுங்கள்.

3. இணைப்பு அறுகிறதா? வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 1 ஜிபி இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். இதற்குள் சிக்னல் போகலாம். பற்றரிச் சேமிப்பு முறையும் வேலையை நிறுத்தலாம். அம்முறையை நிறுத்தி, சார்ஜில் போட்டு, சிக்னல் நல்ல இடத்தில் வைத்து இறக்குங்கள்.

4. நின்றுவிட்டதா? பாதிக் கோப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். 'ரெசியூம்' என்பதை அழுத்துங்கள். கோப்பை வழங்கும் தளம் இடமளித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கூடிப் பேசுவோம்: ஒரு வீட்டில் முழுமையாக இறங்கிய பாடத்தை அயலில் உள்ள ஒவ்வொரு வீடும் பணம் கட்டி இறக்கத்தான் வேண்டுமா? ஒரு மெமரி கார்டில் பிரதி எடுத்துப் பகிர முடியாதா?