கையெழுத்திடுமுன்

திருநகர், மதுரை.

மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

நேற்றிரவு உன் அம்மா அழுகையினூடே சொன்னதில் பாதிதான் புரிந்தது. மீதியை மாப்பிள்ளை அனுப்பிய ஸ்கேன் அறிக்கையைப் படித்து நானே விளங்கிக்கொண்டேன். இரட்டைக் கரு, இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றே, அதிலுள்ள இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டதால் ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து, கொடுக்கிற சிசு பனிக்குட நீர் வற்றிக் கருப்பைச் சுவரோடு ஒட்டிக் கிடக்க, வாங்குகிற சிசுவோ நீர் பெருகி இதயம் திணறிக்கொண்டிருக்கிறது. இருபதாவது வாரம் ஆகிவிட்டபடியால் தாமதிக்கக் கூடாதென்றும், மெல்லிய குழாய்க் கருவியை உன் வயிற்றின் வழியே செலுத்தி அந்த இணைப்புகளை லேசரால் சுட்டு அடைத்துவிடலாமென்றும் சென்னையில் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்தபின் உன் அம்மா, "பிள்ளைகளுக்காக அவ எதையும் தாங்கிக்குவா அக்கா" என்றாள். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

தாங்கிக்கொள்வது வேறு, சம்மதிப்பது வேறு. பெற்றவள் படும் பாட்டைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேளாமலேயே காரியத்தை நடத்திக்கொண்டு போகும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. அப்புகழுக்கு மயங்கி வாயைத் திறவாதிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

என் கதையை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். என் இரத்தம் நெகட்டிவ். நம் நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கே அப்படி அமைகிறது. உன் பெரியப்பாவுக்குப் பாசிட்டிவ். உன் அண்ணன் பிறந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எனக்குப் போட்டிருக்க வேண்டிய ஆன்டி-டி ஊசியை, பிரசவம் பார்த்த அந்த ஆஸ்பத்திரியில் போடவுமில்லை, அப்படியொன்று உண்டென்று சொல்லவுமில்லை, கேட்க எனக்குத் தெரியவுமில்லை. அதன் பயனாக என் உடம்பு பாசிட்டிவ் இரத்தத்தைப் பகையென்று அறிந்து அதற்கெதிரான பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. அடுத்த கரு இரத்தம் சிதைந்து, உடம்பெல்லாம் நீர் கோத்து, ஏழாம் மாதத்தில் உள்ளேயே அடங்கிப்போயிற்று. திருஷ்டி என்றார்கள், குலதெய்வத்துக்கு வைத்த குறை என்றார்கள். வைத்தியர் ஒருவர்தாம் உண்மையான காரணத்தைச் சொன்னார். அது அந்த இரண்டையும்விட அதிகமாக வலித்தது.

மூன்றாம் முறை சென்னைக்குப் போனோம். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கே இரத்தம் ஏற்ற வேண்டுமென்றார்கள். மூன்று வார இடைவெளியில் மூன்று தடவை பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் வந்தேன். இரண்டாம் தடவை போனபோது வளைகாப்பு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. டிரிப் ஏற்ற இடமில்லையென்று நர்ஸம்மா இடக்கை வளையல்களைக் கழற்றச் சொல்ல, பிள்ளை பிறக்குமுன் கழற்றலாகாதென்று என் மாமியார் மறிக்க, இருவரும் என் தலைக்கு மேலே வாதாடிக்கொண்டிருந்தார்களே தவிர, கைக்குரியவளிடம் யாரும் கேட்கவில்லை. நானே சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக உருவிக் கைக்குட்டையில் முடிந்து மாமியாரிடம் கொடுத்தேன். அம்மூன்று பயணங்களிலும் நானாகச் செய்த காரியம் அது ஒன்றே.

ஸ்கேன் படத்தில் கண்ணை வைத்தபடியே வைத்தியர் என் வயிற்றின் வழியாக ஊசியைத் தொப்புள்கொடியின் நாளத்துக்குள் செலுத்தி, என் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்துத் தேர்ந்த ஓ நெகட்டிவ் இரத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். ஐம்பது மில்லி, நம் வீட்டுப் பாலாடையில் இரண்டு பாலாடை இருக்கும். சிசு புரண்டு ஊசியைத் தட்டிவிடாதிருக்க முதலில் அதன் அசைவை நிறுத்தும் மருந்து கொடுப்பார்கள் என்பதை முதல் தடவையில் எனக்கு எவரும் சொல்லவில்லை. அறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தபின், இடைவிடாது உதைத்துக்கொண்டிருந்த வயிறு கல்லாய்க் கிடந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், முந்தைய கருவைப் போலவே ஆயிற்று என்று நிச்சயித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லத் துணியாமல், மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன். மருந்து வைக்க வந்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசி மருந்து இறங்குனாத் தானே புரளும், பயப்படாதீங்க" என்று சாதாரணமாகச் சொல்லிப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை முன்னமே சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இத்தகைய சிகிச்சை உலகில் நடந்தேறிய வரலாற்றைப் பிற்பாடு தேடிப் படித்தேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1963-ஆம் ஆண்டு வில்லியம் லைலி என்னும் வைத்தியர், கருப்பையிலிருந்த சிசுவுக்கு முதன்முதலாக இரத்தம் ஏற்றி அதைப் பிழைக்கவைத்தார். அவருடைய கீர்த்தி நியாயமானதே. ஆயினும் அதற்கு முன் அவர் செய்த மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை என்று படித்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. அந்த மூன்று தாய்மார்களும் ஊசிக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்தவர்கள்தாமே! 2023 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸ் வைத்தியர்கள், முன்னர் மூன்று கர்ப்பங்களை இழந்த ஒரு பெண்ணின் வயிற்றினூடே ஊசி செலுத்தி, சிசுவின் திராட்சையளவே இருந்த இதயத்தில் அடைபட்ட வால்வை பலூனால் விரித்தார்கள். தொண்ணூறு விநாடியில் முடிந்ததென்று பத்திரிகைகள் வியந்தன. அவளுக்கு அத்தொண்ணூறு விநாடி எப்படிக் கழிந்ததென்று நான் படித்தவற்றில் ஒன்றும் எழுதவில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மயிலாப்பூர் மெடிஸ்கேன் போன்ற இடங்களில் கருவிலிருக்கும் சிசுவுக்கான சிகிச்சைகள் இன்று பழகிய காரியமாகிவிட்டன. சும்மா இருந்துவிட்டால், நோய் முற்றிய நிலையில் பெரும்பாலும் இரண்டு சிசுக்களும் தங்குவதில்லை. ஐரோப்பிய வைத்தியர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், லேசர் செய்துகொண்ட தாய்மார்களில் நூற்றுக்கு 76 பேருக்கு ஒரு குழந்தையேனும் பிழைத்தது. நீரை மட்டும் வடித்துவிட்டவர்களில் 56 பேருக்கே அப்படி. ஆகையால் செய்துகொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் 'ஒரு குழந்தையேனும்' என்ற அச்சொல்லை நிதானமாகப் படி. இரண்டும் தங்கலாம், ஒன்று தங்கலாம், இரண்டுமே போகலாம். "நல்லதே நினை" என்று சுற்றத்தார் வாயை அடைப்பார்கள். கெட்டதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பதால் எந்தக் குழந்தைக்கும் கேடு வந்துவிடாது.

ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொள். இவர்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? மரத்துப்போக முதுகில் ஊசியா, வயிற்றில் மட்டுமா? முடிந்தபின் சில மணி நேரம் எனக்கு என்னென்ன தோன்றும்? பனிக்குடம் முன்னதாகவே உடைந்தால் என்ன செய்வது? பிற்பாடு சிசேரியன் கட்டாயமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் அறிந்ததைச் சொல்கிறேன்: கருப்பையையே கத்தியால் திறந்து செய்யும் சிகிச்சைக்குப்பின் அந்தப் பிரசவமும் அடுத்தடுத்தவையும் சிசேரியன்தான், உனக்குச் செய்யப்போவது மூன்று மில்லிமீட்டர் அளவுத் துளை, அதனால் மட்டும் அப்படி ஆகாது. சம்மதப் பத்திரத்தில் மாப்பிள்ளையும் ஒப்பமிடலாம். ஆனால் நீ வாசித்து, நீ கேட்டு, நீ போட்ட பிறகு போடட்டும்.

அங்கே ஸ்கேன் எடுக்குமுன் ஒரு படிவத்தில் உன்னிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவும் சொல்லவும் கூடாதென்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை அது. எண்பதுகளில் நம் உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக் கொலைக்காகப் பத்திரிகைகளில் பேர் வாங்கிற்றென்று உனக்குத் தெரியும். உன் மாமியார் அங்கே சாடையாக ஏதும் விசாரித்தால், நீயே நிறுத்திவிடு.

சிகிச்சை முடிந்ததும் ஊருக்குப் புறப்பட்டுவிடாதே. ஸ்கேனுக்கு வரச்சொல்லும் நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரு. நீர் கசிந்தாலோ, வயிறு திடீரென்று இறுகினாலோ, விடியட்டும் என்று காத்திராதே. திருக்கருகாவூர்க் கோயில் எண்ணெயை உன் அம்மா கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள். தையல் ஆறும்வரை வயிற்றில் தடவாதே.

இதை எழுதி முடித்ததும் உன் தங்கை கைபேசியில் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். அந்த இரண்டு பாலாடை இரத்தம் இன்று எம்.காம். படித்துக்கொண்டு, என் கையெழுத்துப் புரியவில்லையென்று பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றிரவு பாண்டியனில் ஏறுகிறேன். காலையில் நான் வந்து சேரும்வரை எந்தத் தாளிலும் ஒப்பமிடாதே. வளையல்களை நீயே கழற்றி வைத்திரு.

உன் பெரியம்மா