ஓராண்டுக் கணக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தமும்

ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு நட்டத்தில் முடிந்தால், இதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. மேலாளர் என்ற விடையும் உடனே கிடைத்துவிடுகிறது. அவரை மாற்றினால் அனைத்தும் சீராகிவிடும் என்ற நம்பிக்கை, சிறு கடை முதல் பெருநிறுவனம் வரை எங்கும் உண்டு. அந்நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதை ஆராய, அமெரிக்க பேஸ்பால் உலகில் 2005ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பதவி நீக்கத்தை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பொது மேலாளரின் பணி

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அணிகளில் மேலாளர் எனப்படுவோர் இருவர். ஒருவர் களத்தில் ஆட்டத்தை நடத்துபவர். மற்றவர் பொது மேலாளர். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, ஊதிய ஒப்பந்தங்களை முடிவு செய்வது, பிற அணிகளுடன் வீரர்களை மாற்றிக்கொள்வது ஆகியவை இவருடைய பொறுப்பு. உரிமையாளர் ஒதுக்கும் தொகைக்குள் அணியை அமைப்பதால், இவரை ஒரு முதலீட்டு மேலாளருக்கு ஒப்பிடலாம். இவர் எடுக்கும் முடிவுகள் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகக்கூடும். வெற்றி தோல்விப் பட்டியலோ நாள்தோறும் வெளியாகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நிகழ்ந்தது என்ன?

2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் மெக்கோர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியை விலைக்கு வாங்கினார். பிப்ரவரியில், 31 வயதே நிரம்பிய பால் டிபொடெஸ்டாவை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பொது மேலாளராக நியமித்தார். ஹார்வர்டில் பொருளியல் பயின்ற டிபொடெஸ்டா, அதற்குமுன் ஓக்லண்ட் அணியில் பில்லி பீனின் துணைவராக இருந்து, புள்ளிவிவரங்களின் துணைகொண்டு குறைந்த செலவில் திறமையான வீரர்களைக் கண்டறிவதில் பெயர் பெற்றவர்.

முதல் ஆண்டில் டாட்ஜர்ஸ் 162 ஆட்டங்களில் 93 வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அடுத்த பருவத்தையும் முதல் 14 ஆட்டங்களில் 12 வெற்றிகளுடன் தொடங்கியது. அதன்பின் சரிவு. பருவ முடிவில் 71 வெற்றி, 91 தோல்வி. 2005 அக்டோபர் 29 அன்று டிபொடெஸ்டா பதவி நீக்கப்பட்டார். ஐந்து பருவங்களுக்கான ஒப்பந்தத்தில் இரண்டே முடிந்திருந்தன.

காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்

தோல்விக்கான காரணங்களை இரு பட்டியல்களாகப் பிரித்தெழுதுவது பயன் தரும். முதலாவது, மேலாளரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. ஐந்தாண்டுகளுக்கு 5.5 கோடி டாலர் ஊதியத்தில் சேர்க்கப்பட்ட ஜே. டி. ட்ரூ, ஜூலைத் தொடக்கத்தில் எதிரணியின் பந்து பட்டு மணிக்கட்டு முறிந்ததால் 72 ஆட்டங்களே ஆடினார். அணியின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் எரிக் கான்யே காயத்தால் 14 ஆட்டங்களுடன் நின்றுவிட்டார்.

இரண்டாவது, மேலாளரே விடையளிக்க வேண்டியவை. அணியினரும் ரசிகர்களும் பெரிதும் விரும்பிய பால் லோ டூக்காவை 2004 பருவத்தின் நடுவிலேயே வேறு அணிக்கு மாற்றியது கடுமையாகக் குறைகூறப்பட்டது. தம் முடிவுகளின் காரணத்தைக் கள மேலாளருக்கும் செய்தியாளர்களுக்கும் விளங்கச் சொல்லவில்லை என்ற குறையும் இருந்தது. முடிவு சரியாயினும், அதை உடன் பணிபுரிவோர் ஏற்கும்படி எடுத்துரைப்பதும் நிர்வாகத்தின் பகுதியே.

ஒரே முடிவு, இரு தீர்ப்புகள்

2004இல் 48 ஹோம் ரன் அடித்த ஆட்ரியன் பெல்ட்ரே, பருவ முடிவில் 6.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சியாட்டில் அணிக்குச் சென்றார். அவரை இழந்தது பெருந்தவறு என்றனர் சிலர். மறு ஆண்டு அவர் அடித்தவை 19 மட்டுமே. அவ்வாண்டை மட்டும் நோக்கினால் அவரை விட்டது சரி. ஆயினும் பெல்ட்ரே அதன்பின் நெடுங்காலம் சிறப்பாக ஆடி, 2024இல் பேஸ்பாலின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். இருபதாண்டுகளை நோக்கினால் அதே முடிவு தவறாகத் தோன்றுகிறது. எனவே விளைவை மட்டும் வைத்து ஒரு முடிவை எடைபோட்டால், அளக்கும் காலத்துக்கேற்பத் தீர்ப்பும் மாறிவிடும். முடிவெடுத்த நாளில் கையிலிருந்த தகவல்களைக் கொண்டு அது நியாயமாக எடுக்கப்பட்டதா என்று கேட்பதே சரியான அளவுகோல்.

பின்னர் நடந்தவை

புதிய பொது மேலாளராக நெட் கொலெட்டி வந்தார். 2006இல் அணி 88 வெற்றிகளுடன் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. அவர் கொண்டுவந்த வீரர்களுக்கும் அவ்வெற்றியில் பங்கு உண்டு. ஆயினும் அப்பருவத்தில் தலா 16 ஆட்டங்களை வென்றுதந்த பிராட் பென்னி, டெரெக் லோ ஆகிய பந்துவீச்சாளர்கள் இருவரும் டிபொடெஸ்டா சேர்த்தவர்களே. விதைத்தவர் வெளியேறிய பின்னரே விளைச்சல் வந்தது.

உரிமையாளரின் கணக்கும் நம் கவனத்துக்குரியது. அணியைப் பெருமளவு கடனில் வாங்கிய மெக்கோர்ட்டின் நிர்வாகத்தில், 2011இல் டாட்ஜர்ஸ் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. மறு ஆண்டு அணி கைமாறியது. மேலாளரை மாற்றியதால் அச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

நமக்குரிய பாடம்

நாம் பேஸ்பால் அணிகளை நடத்துவதில்லை. ஆயினும், பத்தாண்டு நோக்கில் தொடங்கிய பரஸ்பர நிதி முதலீட்டை முதல் சரிவிலேயே விற்கிறோம். ஓராண்டு விற்பனை குறைந்ததற்காக நெடுநாள் ஊழியரை அனுப்பிவிடுகிறோம். அவ்வாறு செய்யுமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை காண்போம்.

1. தொடங்கும்போது எத்தனை ஆண்டு காலம் குறித்தோம்? அதில் எவ்வளவு கடந்துள்ளது?

2. நட்டத்துக்குக் காரணம் தேர்வின் குறையா, அல்லது யாராலும் தடுக்க இயலாத சூழலா?

3. மாற்றத்தின் செலவு என்ன? வைப்புத்தொகையை முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறைகிறது. பங்கு சார்ந்த நிதியை ஓராண்டுக்குள் விற்றால் இலாபத்துக்கு வரி விகிதம் கூடுகிறது. வெளியேறும் கட்டணமும் இருக்கலாம். ஊழியரை அனுப்பினால் அவருடைய அனுபவமும் உடன் செல்கிறது.

4. மாற்றாக வருபவர் எவ்வகையில் மேலானவர் என்பதற்குச் சான்று உண்டா?

இவற்றுக்கு விடை கண்ட பின்னரும் மாற்றமே தேவை எனத் தெரிந்தால், தயங்காமல் மாற்றுவதே முறை. நேர்மைக் குறைவு, அளித்த வாக்கை மீறுதல், ஒரே தவற்றை மீண்டும் மீண்டும் செய்தல் ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏமாற்றத்தின் வேகத்தில் எடுக்கும் முடிவுக்கு விலை கொடுப்பவர், பதவி இழப்பவர் மட்டுமல்லர், முதலிட்ட நாமுமே.