நடுவர் கையில் பகடை

போக்கிமான் அனிமே பாணிச் சண்டை லீக் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நடுவராக வருகிறீர்களா என்கிறார்கள். சம்பளமில்லாத இந்த வேலையில் என்னதான் செய்ய வேண்டும்?

தாராளமாகப் போங்கள். கிரிக்கெட் நடுவர் நடந்ததைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நீங்களோ சண்டையை நடத்தி வைத்துத் தீர்ப்பும் சொல்ல வேண்டும்.

மோதும் ஆட்டக்காரர்கள் இருவரும் தங்கள் போக்கிமானுக்குச் சுற்றுக்கு இரண்டு மூன்று கட்டளைகள் எழுதுவார்கள். எதிராளியுடையதைப் பார்த்துவிட்டு எழுதுபவருக்கே லாபம் என்பதால், யார் முதலில் என்பது மாறிக்கொண்டே வரும். பிறகு உங்கள் கச்சேரி. வேகம் அதிகமுள்ள போக்கிமான் முந்தும். உதாரணத்துக்கு, 'தண்டர்' தாக்குதலின் துல்லியம் 70. கணினியில் 1 முதல் 100 வரை ஓர் எண் எடுங்கள். 70க்குள் வந்தால் இடி விழும், 71 வந்தால் புஸ்வாணம். உயிர்ப்புள்ளி, சக்தி இரண்டையும் கழித்து, நடந்ததைக் கதைபோல எழுதிப் போடுங்கள்.

"எதிரி 'புரொடெக்ட்' என்ற தடுப்பைப் போட்டால் நீ சும்மா இரு" என்கிற மாதிரி நிபந்தனைக் கட்டளைகள்தான் தலைவலி. எழுதியதை எழுதியபடியே படியுங்கள். எழுதியவர் மனதில் நினைத்ததை ஊகித்து உதவப் போகாதீர்கள். விழுந்த எண்களையும் அடியில் போட்டுவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

சம்பளமா? விளையாட்டுக் காசு தருவார்கள். புதுப் போக்கிமான் வாங்கலாம். மளிகைக் கடையில் செல்லாது. முதலில் ஒன்றுக்கு ஒன்று மோதும் சின்னப் போட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.