நுவரெலியாவில் ஆட்டமும் ஊர்சுற்றலும்

கனடாவிலிருந்து மைத்துனர் வருகிறார், கோல்ஃப் பிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு நாலு நாள் பயணம். ஆட்டம் முடிந்தபின் ஊரும் பார்க்க வேண்டும். எப்படித் திட்டமிடலாம்?
— வாசகர், கோண்டாவில்

நாலு நாள் தாராளம். முதல் நாளும் கடைசி நாளும் பயணத்துக்கே போகும். ஏ9 வீதியில் கண்டி வரை போய், கம்பளை, றம்பொடை வழியாக மலையேற வேண்டும். றம்பொடை அருவியும் அனுமன் கோயிலும் வழியிலேயே இருப்பதால் அவற்றுக்குத் தனிநாள் தேவையில்லை.

1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் 18 குழித் திடல் நகர நடுவிலேயே உள்ளது. ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. பந்து வழக்கத்தைவிடச் சற்று அதிக தூரம் பறக்கும். ஆனால் இருபுறமும் மரங்கள் நெருங்கிய ஒடுங்கிய பாதைகளில் பலத்தைவிடக் குறியே காப்பாற்றும். பிற்பகலில் மழையும் மூடுபனியும் இறங்குவது வழமை. ஆகவே இரண்டாம் நாள் விடிந்ததும் ஆட்டம், மதியத்துக்குப் பின் பதுளை வீதியில் சீதையம்மன் கோயில், அதைத் தாண்டி ஹக்கலைப் பூங்கா. சிங்கோனா பயிரிட 1861இல் உருவான தோட்டம் அது. அவசரமாகப் பார்க்கக்கூடாத இடம்.

ஹோட்டன் சமவெளியை ஆட்டத்துக்குப் பிறகு வைப்பது வீண். அங்குள்ள உலகமுடிவுப் பாறையைக் காலை பத்து மணிக்குள் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். மூன்றாம் நாள் அதிகாலையை அதற்கே கொடுத்து, வானம் தெளிந்திருந்தால் பிற்பகலில் ஒன்பது குழிகள் ஆடலாம். மழையென்றால் தேயிலைத் தொழிற்சாலை.

ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தைத் தவிர்த்து, மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்வது உகந்தது. யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பழகியவருக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.