கதவில்லாத வீடு என்ன சொல்கிறது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அவனுடைய தாத்தா தவறி மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. நோட்டைத் திறந்தால் வீடுதான் வரைகிறான். அதுவும் கறுப்பு கிரயானில், கதவே இல்லாமல். ஆர்ட் தெரபிக்கு அழைத்துப் போகும்படி பள்ளிக் கவுன்சலர் சொல்கிறார். படத்தைப் பார்த்தே அவன் மனதில் உள்ளதையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். என் கணவரோ, “காசு கொடுத்து டிராயிங் கிளாஸா?” என்று சிரிக்கிறார். படம் வரைவது எப்படிச் சிகிச்சையாகும்?

— ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் வீட்டில் நடக்கும் இந்த வாக்குவாதம் புதிதல்ல. ஏறக்குறைய இதே வழக்கை நியூயார்க்கில் இரண்டு பெண்மணிகள் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் உங்கள் கட்சி, மற்றவர் உங்கள் கணவர் கட்சி என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் போவதற்கு முன் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

கறுப்பு என்றால் துக்கம், கதவில்லாவிட்டால் மனதைப் பூட்டிவிட்டான், பெரிய கண் வரைந்தால் சந்தேகப் புத்தி. இப்படிப் படத்துக்குப் பொருள் சொல்வது படித்தவர்களிடமும் உண்டு. ஒரு காலத்தில் மனநல நிபுணர்களே இதை நம்பினார்கள். 1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மனித உருவப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஏதோ ஒரு மனக்குறையைக் கண்டபடி எழுதி, மாணவர்களிடம் காட்டினார்கள். படத்துக்கும் குறைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும், சந்தேகப் புத்தி உள்ளவர்கள் கண்ணை அழுத்தி வரைந்திருப்பதாக மாணவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’. நிபுணர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதாகச் சொல்லிவந்ததும் அதையேதான். இதற்கு ‘பொய்த் தொடர்பு’ என்று பெயர்: இல்லாத உறவை, இருக்கும் என்று எதிர்பார்ப்பதாலேயே பார்த்துவிடுவது. ஒற்றைப் படத்தை வைத்துக் குணம் சொல்வதும் கைரேகை பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மகனின் வயதையும் கவனியுங்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர், ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பருவத்துக்கு ‘ஸ்கீமா’ பருவம் என்று பெயர் வைத்தார். ஒரு பொருளுக்குக் குழந்தை தானே உருவாக்கிக்கொள்ளும் வாய்பாடுதான் ஸ்கீமா. வீடு என்றால் ஒரு சதுரம், மேலே ஒரு முக்கோணம். அதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். கறுப்பு கிரயான் வெள்ளைத் தாளில் பளிச்சென்று விழும் என்பதற்காகவே அதை எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. அதற்காக, உங்கள் மகனின் படத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

இனி சிகிச்சைக்கு வருவோம். இதன் தொடக்கம் ஒரு காசநோய் மருத்துவமனையில். 1938இல் இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் ஊரில் அப்படியொரு சானடோரியத்தில் கிடந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், பொழுது போக வரைய ஆரம்பித்தார். அது தன் மனதைத் தேற்றுவதைக் கண்டு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை வைத்தவர் அவர்தான். பலன் தெரிந்தது, ஆனால் ஏன் பலிக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டியிருந்தது. அங்கேதான் நான் சொன்ன வழக்கு தொடங்குகிறது.

முதல் பெண்மணி மார்கரெட் நாம்பர்க். ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வில் ஊறியவர்; 1940களில் நியூயார்க் மாநில உளமருத்துவ நிலையத்தில் குழந்தைகளோடு வேலை செய்தார். நனவிலி மனம், அதாவது நமக்கே தெரியாமல் நமக்குள் இயங்கும் மனம், வார்த்தையைவிடப் படத்தில் சுலபமாகப் பேசும் என்பது அவர் கட்சி. அவர் கையாண்ட முறைகளில் ஒன்று கிறுக்கல். தாளில் கையை எடுக்காமல் இஷ்டத்துக்குக் கிறுக்க வேண்டும். பிறகு தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, அந்தக் கோடுகளுக்குள் ஏதாவது உருவம் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, அதை வண்ணம் தீட்டி முடிக்க வேண்டும். அதன் பிறகு பேச்சு. பொருள் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான், சிகிச்சையாளர் அல்ல என்பதில் நாம்பர்க் கண்டிப்பாக இருந்தார். உங்கள் பயத்துக்கு அவரே பதில் சொல்லிவிட்டார், பாருங்கள்.

மற்றவர் எடித் கிராமர். வியன்னாவில் பிறந்தவர், ப்ராக் நகரில் அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுத்தந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸுக்கு உதவியாக இருந்தவர். ஃப்ரீடல் பின்னாளில் தெரெசின் நாஜி முகாமில் அடைபட்டு, அங்கும் குழந்தைகளை வரையவைத்தார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளின் படங்கள் சுமார் 4,500, இரண்டு சூட்கேஸ்களில் மிஞ்சின. கிராமர் 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். 1950இலிருந்து வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில், முரட்டுத்தனம் மிகுந்த சிறுவர்களோடு ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். செய்யும் வேலையே மருந்து, பேச்சு அடுத்தபடி என்பது அவர் கட்சி. கோபமோ துக்கமோ ஒரு பொருளாக உருமாறும்போது அடங்குகிறது. இதை ‘சப்ளிமேஷன்’ என்பார்கள்: கட்டுக்கடங்காத உணர்ச்சியை, மதிப்புள்ள ஒரு செயலின் பக்கம் திருப்பிவிடுவது.

கிராமர் சிகிச்சையாளரின் வேலையை ‘மூன்றாவது கை’ என்றார். ஒரு பையன் களிமண்ணில் யானை செய்கிறான். கால் திரும்பத் திரும்பக் கழன்று விழுகிறது. யானையைப் பிசைந்து எறிகிற நிலைக்கு வந்துவிடுகிறான். அந்த நேரத்தில், இரண்டு பக்கமும் கீறி, மண்ணை நீரில் குழைத்துத் தடவி ஒட்டினால் நிற்கும் என்று காட்டித்தருவதுதான் மூன்றாவது கை. யானை அவனுடையதாகவே இருக்கும். தும்பிக்கை கோணலாக இருந்தாலும் யாரும் திருத்தமாட்டார்கள்.

வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறீர்களா? சமரசம்தான். இன்று பெரும்பாலானவர்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். 1978இல் சாண்ட்ரா கேகின், வியா லுஸ்பிரிங்க் இருவரும் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்கள்: கையில் என்ன பொருளைக் கொடுக்கிறோம்? பென்சிலும் கிரயானும் கைக்கு அடங்கும். யோசித்து, ஒழுங்காக வரையவைக்கும். நீர்வண்ணமும் விரலால் பூசும் பெயின்ட்டும் தாம் போன போக்கில் ஓடும், உணர்ச்சியைக் கிளறிவிடும். எனவே தெரிந்த சிகிச்சையாளர் துக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் எடுத்த எடுப்பில் பெயின்ட்டைக் கொட்டமாட்டார். அவன் கிரயானோடு வந்தால் கிரயானிலேயே தொடங்குவார்.

வரையத் தெரிந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகமும் வரும். 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் வரைந்தார்கள், மண் பிசைந்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு தெரியவில்லை. சின்ன ஆய்வு, வரையாத ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. அதனால் இதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு என் பதில்: டிராயிங் கிளாஸில் படம் நன்றாக வந்ததா என்று பார்ப்பார்கள், இங்கே வரைகிறவன் எப்படியிருக்கிறான் என்று பார்ப்பார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும். ஆகவே சேர்ப்பதற்கு முன், எங்கே படித்தீர்கள், என்ன பயிற்சி பெற்றீர்கள், என் மகனின் படங்களை யார் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அதுவரை வீட்டில், “ஏன் கதவு இல்லை?” என்று கேட்காதீர்கள். “இந்த வீட்டைப் பற்றிச் சொல்லேன்” என்று மட்டும் கேளுங்கள். சொல்லாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். படங்களைத் தேதி போட்டு எடுத்துவையுங்கள். ஒரு படத்தைவிட இருபது படங்களின் வரிசை உதவும். ஆனால் அவன் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, தாத்தாவிடமே போய்விடுகிறேன் என்று சொன்னாலோ, ஆர்ட் தெரபிக்காகக் காத்திருக்காமல் அன்றே குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். படம் வரைவதைப் பிறகு தொடரலாம்.